கூப்பிடுவார்கள் என்று நின்றவர்

ஆளைச் சம்பாதிக்க வேண்டும் என்பார் மச்சான். காசு செலவாகிப் போகும், நகை அடகுக்குப் போகும், ஆளைச் சம்பாதித்து வைத்தால் கடைசிவரைக்கும் கூட நிற்கும் என்பது அவருடைய கணக்கு. என் அக்காவைக் கட்டியவர். பட்டாளத்தில் லாரி ஓட்டினார். லீவில் வரும்போதெல்லாம் இந்தக் கணக்கை அக்காவுக்கும் எனக்கும் விளக்கிச் சொல்வார். நாங்கள் இருவரும் மீன் கழுவிக்கொண்டோ வெங்காயம் உரித்துக்கொண்டோ கேட்டுக்கொண்டிருப்போம். அந்த மீனும் வெங்காயமும் யாருக்கு என்றால், அவர் சம்பாதித்து வைத்திருந்த ஆட்களுக்கு.

அந்த ஆட்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. ஒரே ஊரில் இருந்துகொண்டு தினமும் அவர்கள் முகத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டியிருக்கிறது. சிரித்துவிட்டு வந்து தையல் மெஷினில் உட்கார்ந்தால் கை ஓடுவதில்லை. அதனால்தான் எழுதித் தொலைக்கிறேன்.

அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் உத்தரகோசமங்கைக்குத் தெற்கே, கீழக்கரை போகிற ரோட்டோரம் இருக்கிறது. என்னையும் அதே ஊரில் அடுத்த தெருவில்தான் கொடுத்தார்கள். வானம் பார்த்த பூமி. மிளகாய் போடுவோம். மழை ஏமாற்றிவிட்டால் கருவேல மரம் வெட்டக் கூலிக்குப் போவோம். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்திலோ வெளிநாட்டிலோ இருந்தால்தான் அடுப்பு ஒழுங்காக எரியும்.

மச்சான் லீவில் வந்து இறங்கினால் கையில் பச்சைப் பெயிண்ட் அடித்த ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். அதைத் திறந்தால் மேலே கம்பளிச் சட்டை, கம்பளிச் சட்டைக்குள் பாட்டில், பாட்டிலுக்கு அடியில் போர்வை, போர்வைக்குள் இன்னும் பாட்டில். பட்டாளத்துக் கேன்டீனில் மாதாமாதம் ஆளுக்கு இவ்வளவு என்று கொடுக்கிற சரக்கு அது. அவர் ஒரு சொட்டு வாயில் வைத்ததில்லை. தன் பங்கைச் சேர்த்து வைப்பார். குடிக்காத கூட்டாளிகளிடம் அவர்கள் பங்கையும் வாங்கிக்கொள்வார். ரயிலில் அந்தப் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு, கால் நீட்டிப் படுக்காமல் உட்கார்ந்தே வந்து சேருவார். அக்காவுக்கு ஒரு சேலை, எனக்கு ஒரு பவுடர் டப்பா. மிச்சப் பெட்டி முழுவதும் ஊருக்கு.

யாருக்கு எது என்று ரயிலிலேயே பிரித்து முடித்திருப்பார். அம்பலத்துக்கு, அதாவது எங்கள் ஊர்த் தலைவருக்கு, உயர்ந்த விஸ்கி. பஞ்சாயத்து கிளார்க்குக்கு பிராந்தி. மற்றவர்களுக்கு ரம். என் வீட்டுக்காரருக்கும் ரம்தான், சகலை என்பதால் ஒன்று கூடுதலாக. அன்று சாயங்காலமே எல்லோரும் வந்துவிடுவார்கள். "லீவுல வந்திருக்காப்ள, பாத்துட்டுப் போவோம்னு வந்தோம்" என்பார்கள். பார்த்துவிட்டுப் போனவர்கள் யாரும் வெறுங்கையோடு போனதில்லை.

"என்ன கொழுந்தியா, மூஞ்சி கோணுது?" என்று ஒருமுறை என்னைக் கேட்டார்.

"பேங்குல போட வேண்டியத இப்படி ஊரு வாயில ஊத்துறீகளே மச்சான், வட்டி எப்ப வரும்?"

"வரும். நான் வெளிய வந்து தொழில் தொடங்குறப்ப பாரு. இங்கன ஒவ்வொருத்தனும் ஒரு கை கொடுப்பான்."

"கொடுப்பாக, கொடுப்பாக. கிளாஸப் பிடிச்ச கை நடுங்காம இருந்தாச் சரி."

வாய்விட்டுச் சிரித்தார். கொழுந்தியாள் கிண்டல் செய்தால் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

பட்டாளத்திலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் பேங்க் வாசலில் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார்கள். மச்சானுக்கு அது பிடிக்கவில்லை. வேலையில் சேர்ந்த சில வருடங்களிலேயே அடுத்த தொழிலை முடிவு செய்துவிட்டார். பெரிய வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி. நல்ல யோசனைதான், அதில் நான் குற்றம் சொல்ல மாட்டேன். கீழக்கரையிலிருந்தும் தொண்டியிலிருந்தும் வெளிநாடு போகிற பையன்களில் பாதிப் பேர் அங்கே வண்டி ஓட்டத்தான் போகிறார்கள். லாரி ஓட்டத் தெரிந்து லைசென்ஸும் கையில் இருந்தால் சம்பளமே வேறு. அதற்கு மதுரைக்கும் வேறு ஊர்களுக்கும் அலைகிறார்கள். இங்கேயே ஒரு பள்ளி இருந்தால் வராமலா போவார்கள்? ஒவ்வொரு லீவிலும் அந்தத் திட்டத்தில் எதையாவது புதிதாகச் சேர்த்துக்கொண்டு வருவார். பயிற்சிக்கு வருகிற பையன்களுக்கு அக்கா மோர் கொடுப்பது வரைக்கும் அதில் இருந்தது.

கற்றுக்கொடுக்கவும் அவருக்குத் தெரியும். எனக்கு ஸ்கூட்டி பழக்கியவர் அவர்தான். அதற்கு முன்னால் ஒருநாள் என் வீட்டுக்காரர் பழக்கினார். அவர் போட்ட சத்தத்தில் தெருவே வெளியில் வந்து வேடிக்கை பார்த்தது. மச்சான் என்னைத் தண்ணீர் வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் கூட்டிப் போனார். "வண்டியத் தொடாத. நீ போகப்போற வழிய மொதல்ல நடந்து பாத்துட்டு வா" என்றார். நடந்துவிட்டு வந்தேன். எங்கே கல் கிடக்கிறது, எங்கே மண் இறங்குகிறது என்று கேட்டார். தெரியவில்லை என்றதும் மறுபடி நடக்கச் சொன்னார். பட்டாளத்தில் பனிமலையில் வண்டி ஓட்டும்போது அப்படித்தானாம், ஒருத்தன் முன்னால் நடப்பான், அவன் பின்னால் வண்டி போகும். மூன்றாம் தடவை நடந்துவிட்டு வந்து ஏறி உட்கார்ந்தேன். விழவே இல்லை. ஒரு சுடுசொல் சொல்லாமல் ஒருத்தர் எனக்கு ஒரு காரியம் சொல்லிக்கொடுத்தது அதுதான் முதல் தடவை.

இவ்வளவு இருந்தும் அந்த மனிதரிடம் ஒரு கோளாறு. கொடுக்கத் தெரிந்தவருக்குக் கேட்கத் தெரியாது.

தொண்டியில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். நானும் அக்காவும் பெண்கள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டோம். மச்சான் மண்டப வாசலில் தேய்த்த சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். வருகிறவர் போகிறவரை எல்லாம் "சாப்பிட்டாச்சா?" என்று விசாரித்து உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். பஸ் ஏறிக் கொஞ்ச தூரம் வந்த பிறகுதான் அவர் சாப்பிடவில்லை என்பது எங்களுக்குத் தெரிந்தது. பெண்ணைப் பெற்றவர் வந்து கூப்பிடுவார் என்று நின்றிருக்கிறார். அந்த ஆள் கல்யாணச் சந்தடியில் மறந்துவிட்டார். பந்தி முடிந்து இலையையும் எடுத்துவிட்டார்கள்.

"பசிச்சாப் போயி உக்கார வேண்டியதுதான? இதுக்கு ஒருத்தரு வந்து வெத்தல பாக்கு வைக்கணுமாக்கும்" என்று அக்கா பஸ்ஸிலேயே சண்டை போட்டாள்.

"கூப்பிடாமப் பந்தியில உக்காருறது நல்லாவா இருக்கும்? அவரும் பாவம், வேலை மும்முரத்துல மறந்துட்டாரு."

தேவிபட்டினத்தில் பஸ் நின்றபோது அக்கா இறங்கி வாழைப்பழம் வாங்கி வந்தாள். உரித்து அவர் கையில் கொடுத்த பிறகுதான் அதையும் தின்றார்.

பட்டாளத்தில் அவருக்கு அது சரிப்பட்டு வந்திருக்கிறது. "அங்கன ஒழுங்கா வேலை பாத்தாப் போதும் கொழுந்தியா. மேல இருக்கிறவனே ஒருநாள் பேரைச் சொல்லிக் கூப்பிடுவான். நம்ம பேரை நாமளே போயிச் சொல்றது கேவலம்" என்பார். அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் ஹவில்தார் வரைக்கும் ஆனார். அங்கே நடந்ததுபோலவே ஊரிலும் நடக்கும் என்று நினைத்துவிட்டார். அவர் செய்த தவறு இந்த ஒன்றுதான். அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

பட்டாளத்தை விட்டு வெளியில் வந்ததும் மகளைக் கட்டிக்கொடுத்தது போக மிச்சம் இருந்ததைப் போட்டு மதுரையில் ஒரு பழைய லாரி வாங்கினார். சொல்லிக்கொடுப்பவர் பக்கத்திலிருந்து மிதிக்க இன்னொரு பிரேக் வைத்தார். முன்பக்கம் சிவப்பில் பெரிய எல் எழுத்து எழுதி, பள்ளியின் பெயரையும் எழுதினார். பெயரில் அக்காவின் பெயரைச் சேர்த்திருந்தார். அக்கா அதைத் திட்டிக்கொண்டே தினமும் துடைத்துவைத்தாள். மற்றதெல்லாம் தயார். வண்டி ஓட்டிப் பழக ஓர் இடம் காட்டினால்தான் அனுமதி கிடைக்கும் என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் சொல்லிவிட்டார்கள்.

இடம் இருந்தது. கண்மாய்க் கரைக்குக் கீழே, ரோட்டை ஒட்டி, கருவேலத்தை வெட்டிச் சமப்படுத்திய ஊர்ப் பொது இடம். லாரியைத் திருப்பவும் பின்னால் எடுக்கவும் அதற்கென்றே செய்த மாதிரி இருக்கும். யாருக்கு விடுவது என்று ஊர்க்கூட்டம்தான் முடிவு செய்யும். ஒவ்வொரு லீவிலும் மச்சான் அந்த இடத்தில் நடந்து பார்ப்பதை ஊரே பார்த்திருக்கிறது. அக்கா வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து குடிக்கும்போது, "அந்த எடம் உங்களுக்குத்தாண்ணே, வேற எவனுக்குக் கொடுக்கப்போறோம்?" என்று கிளார்க்கு சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன். மீன் வறுத்துக்கொண்டு நான் அங்கேதானே இருந்தேன்.

அதே இடத்தைக் கரிக்காரரும் கேட்கப்போகிறார் என்று பேச்சு வந்தது. வெளியூரிலிருந்து வந்து கருவேல விறகை மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்கிறவர். பாதி ஊர் அவரிடம்தான் வேலை பார்க்கிறது, என் வீட்டுக்காரரும் சேர்த்துத்தான். அவர் யாருக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்து நாங்கள் பார்த்ததில்லை. மரத்தையும் மூட்டையையும் அடுக்க அவருக்கு இடம் வேண்டுமாம். வாடகை எல்லாருக்கும் ஒன்றுதான். அவர் வீடு வீடாகப் போய் "எனக்குச் சொல்லிருங்கப்பா" என்று கேட்டுவிட்டு வந்தார்.

அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"என்னங்க, நீங்களும் அம்பலத்த ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துருங்களேன்."

"எதுக்கு?"

"எடம் வேணும்னு சொல்ல."

"அவருக்குத் தெரியாதா? இத்தன வருசமா வந்து போறவரு. இப்பப் போயி நின்னா, கொடுத்ததுக்குக் கூலி கேக்க வந்துட்டான்னு நெனைக்க மாட்டாரா?"

"நெனைச்சா நெனைக்கட்டுமே."

"நீ பேசாம இரு. எனக்கு ஆளு இருக்கு. கூட்டத்துல அவங்களே எழுந்து சொல்லுவாங்க."

நானும் சொல்லிப் பார்த்தேன். "மச்சான், ஒலகம் அப்படி இல்ல" என்றேன். "கொழுந்தியா, நீ ஸ்கூட்டி ஓட்டுறதோட நிப்பாட்டிக்க" என்று சிரித்தார்.

கூட்டம் கோயில் முன்னால் நடந்தது. ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் நாங்கள் மதிலோரம் நின்றோம். மச்சான் உட்காரவில்லை. ஓரமாகக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஷேவ் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, ஷூவெல்லாம் போட்டிருந்தார். பெயரைக் கூப்பிட்டதும் முன்னால் வரத் தயாராக நின்றார் என்று இப்போது எனக்குப் புரிகிறது.

"கண்மாய்க்கரை எடத்துக்கு யாரு கேக்குறது?" என்றார் அம்பலம்.

கரிக்காரர் எழுந்தார். "நான் கேக்குறேன்."

"வேற யாரும் கேக்குறீகளா?"

மச்சான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பதற்றமே இல்லை. அம்பலத்தின் கண் ஒருதரம் மச்சான் மேல் வந்து, நகர்ந்து போனது. கிளார்க்கு போனைத் தடவிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் குச்சியால் மண்ணில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். மச்சான் அவரைத்தான் அதிக நேரம் பார்த்தார். அவர் நிமிரவே இல்லை. அக்கா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தி வலித்தது.

"வேற யாரும் இல்லையா?" என்று அம்பலம் மறுபடி கேட்டார்.

அக்கா கையை உதறிக்கொண்டு முன்னால் போய்விட்டாள். "ஏன் இல்ல? அங்கன நிக்கிறாரே, உங்களுக்குக் கண்ணு தெரியலையா?"

"பொம்பளைக பேசக்கூடாது தாயி" என்றார் கிளார்க்கு.

"ஏலே, நீ வாயத் தெறந்தா நான் ஏன்லே பேசுறேன்? உம் மக சடங்குக்குப் பந்தலுக்குப் பின்னால சரக்கு ஓடுச்சே, அது யாரு கொண்டுவந்தது? குடிச்சிட்டு என் வீட்டு முத்தத்துல உக்காந்து என்ன சொன்ன? அதை இங்கன சொல்லு பாப்போம். அம்பலத்தய்யா, நீங்க சொல்லுங்க. லீவு தவறாம உங்க வீட்டுக்கு..."

"ஏய்!"

மச்சான்தான். அவர் அக்காவை அதட்டி நான் அதுவரை கேட்டதில்லை. "வாய மூடு. கொடுத்ததச் சொல்லிக்காட்டுறது ஒரு பொழப்பா? வீட்டுக்குப் போ."

 மச்சான் கூட்டத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "மன்னிச்சுக்கங்க. தெரியாமப் பேசிருச்சு."

அவ்வளவுதான். கூட்டத்துக்கு மூச்சு வந்தது. குனிந்திருந்த தலையெல்லாம் நிமிர்ந்தது. "விடுப்பா, பட்டாளத்துக்காரரு பெரிய மனுசன்" என்று அம்பலம் ஒரு பாராட்டுச் சொல்லிவிட்டு, இடத்தைக் கரிக்காரருக்கு என்று முடித்தார். பிறகு எங்களைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவரும் சொல்லிவைத்த மாதிரி ஒன்றைச் சொன்னார்கள். "அவரு கேக்கவே இல்லையே. ஒரு வார்த்த கேட்டிருந்தாக் கொடுத்திருப்போமே."

அன்று வீட்டில் அவர் ஷூவைக் கழற்றாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.  "அத்தன பேரு இருந்தாங்க. ஒருத்தனுக்குக்கூடத் தோணலையேடி" என்று மட்டும் அக்காவிடம் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா அழவில்லை. அவளை அத்தனை பேர் முன்னால் அதட்டியது அவளுக்குள் கல்லாகக் கிடந்தது.

நான் வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். "சொந்தச் சகலைக்கு ஒரு வார்த்த சொல்ல நாக்கு எழலையா?" என்று கேட்டேன்.

"வேற யாராச்சும் சொல்லுவாகன்னு இருந்தேன்டி. நாளைக்குக் கரிக்காரரு மொகத்துல நான் முழிக்கணும்ல."

மச்சான் முகத்தில் முழிப்பதைப் பற்றி அவருக்குக் கவலை இருக்கவில்லை. அது கோபப்படாத முகம் என்று அவருக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும்.

இதோடு முடிந்திருந்தாலாவது பரவாயில்லை. அடுத்த மாதம் மச்சான், ஓய்வு பெற்றவர்களுக்கும் சரக்கு கொடுக்கிற ராமநாதபுரம் கேன்டீனுக்குப் போய் வந்தார். வந்தது தெரிந்த மறுநாள் கிளார்க்கு வாசலில் நின்றார். "அண்ணே, நல்லாயிருக்கீகளா?" கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார் என்று ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சான் உள்ளே போய் பாட்டிலைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் கொடுத்தார். பிறகு அம்பலத்துக்கு வாங்கிப் போக ஆள் வந்தது. பிறகு ஒவ்வொருவராக எல்லாரும் வந்தார்கள். அக்கா மட்டும் மீன் வறுப்பதை நிறுத்திவிட்டாள்.

"மச்சான், உங்களுக்கு ரோசமே கெடையாதா?" என்று கேட்டுவிட்டேன்.

"இதையும் நிப்பாட்டிட்டா, நம்ம வாசலுக்கு யாரு வருவா கொழுந்தியா?" என்றார்.



ரோட்டோரக் கடைக்காரர் ஒருவர் அந்தப் பாட்டில்களைக் கூடுதல் விலைக்குக் கேட்டு வந்தார். "நான் என்ன சாராயக்கடையா வச்சிருக்கேன்?" என்று மச்சான் அவரை விரட்டிவிட்டார். காசு தருகிறேன் என்றவனுக்கு விரட்டு. சும்மா குடித்துவிட்டுத் துரோகம் செய்தவனுக்கு உபசாரம். இப்படி ஒரு மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

லாரி வீட்டு முன்னால் நின்றது. டயருக்கடியில் கருவேலங்கன்று முளைத்தது. அக்கா அதன் பிறகு அதைத் துடைக்கவே இல்லை. அடுத்த மழைக்காலம் வருவதற்குள் கரிக்காரரே அந்த லாரியை விலைக்குக் கேட்டார், கொடுத்தாயிற்று. கொஞ்ச நாளில் அவருடைய டிரைவர் வேலையை விட்டுப் போய்விட்டான். மச்சானுக்கு ஆள் அனுப்பினார்.

மச்சான் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "பாத்தியா, பேரைச் சொல்லிக் கூப்பிட்டு அனுப்பியிருக்காரு" என்று அக்காவிடம் சொன்னார். வருடக்கணக்காகத் திட்டம் போட்ட இரண்டாவது தொழில் அப்படித்தான் அவருக்குக் கிடைத்தது. அவர் நடந்து நடந்து பார்த்த அதே இடத்தில், அவர் வாங்கிய லாரியில், கரி மூட்டை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்கும் மதுரைக்கும் ஓட்டினார். கரிக்காரர் லாரிக்குப் புதுப் பெயிண்ட் அடிக்கவில்லை. அக்காவின் பெயர் கரித்தூசிக்குள் கொஞ்ச காலம் தெரிந்துகொண்டிருந்தது. மச்சான் வீட்டுக்கு வரும்போது பல் மட்டும் வெள்ளையாக இருக்கும். அப்போதும் மாதம் தவறாமல் கேன்டீன், அப்போதும் வாசலில் ஆட்கள்.

ஒருநாள் காலையில் குளித்துவிட்டுச் சட்டையை மாட்டும்போது மார்வலி என்று உட்கார்ந்தார். ராமநாதபுரம் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

சாவுக்கு ஊர் ஒன்றும் குறை வைக்கவில்லை. ரோட்டு முனையில் பெரிய பிளெக்ஸ் வைத்தார்கள். யூனிஃபார்மோடு மச்சான் மேலே, கண்ணீர் அஞ்சலி செலுத்துகிறவர்கள் கீழே. கீழே இருந்த படங்கள்தான் பெரிதாக இருந்தன. அம்பலம் கைகூப்பிக்கொண்டும் கிளார்க்கு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டும் இருந்தார்கள். "தங்கமான மனுசன், கணக்குப் பாக்காமக் கொடுத்தவரு" என்று தூக்கிப் போகும்போது எல்லோரும் சொன்னார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. அக்கா அப்போதும் அழவில்லை. தாலியைக் கழற்றும்போதும் அழவில்லை. மகள் கட்டிப்பிடித்துக் கதறியபோதும் அவள் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர் அதற்கும் ஒரு பேச்சுப் பேசியது.

கருமாதி அன்று மதியம், சாப்பாடெல்லாம் முடிந்து, பந்தலுக்குள் அந்தப் பழைய கூட்டம் மட்டும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தது. கரிக்காரர் சாப்பிட்ட கையோடு போய்விட்டார். கிளார்க்கு அக்கா பக்கத்தில் வந்தார்.

"தாயி, அண்ணன் பேருல இருக்கிற கேன்டீன் கார்டு வீணாப் போயிறக்கூடாது. அத உம் பேருக்கு மாத்திக்கிடலாம், பொஞ்சாதிக்கும் உண்டு. ராமநாதபுரம் ஆபீசுக்கு எத்தன தடவ வேணும்னாலும் நான் அலையுறேன். நீ ஒண்ணுக்கும் கவலப்படாத."

அந்த வீட்டுக்காக அலைகிறேன் என்று ஊரிலிருந்து ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "அண்ணன் போன மாசம் வாங்கியாந்தது பெட்டிக்குள்ள அப்படியே இருக்கும்ல தாயி?"

 அக்கா எழுந்து உள்ளே போனாள். பச்சைப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. முந்தானையில் ஏந்திக்கொண்டு வந்து, எல்லாப் பாட்டிலையும் பாயில் வரிசையாக வைத்தாள்.

"குடிங்க. ஆனா ஒண்ணு. ஒரு வார்த்த சொல்லிட்டுத்தான் குடிக்கணும். கண்மாய்க்கரை எடத்த அவருக்குத்தான் கொடுத்திருக்கணும்னு ஒவ்வொருத்தரும் வாயத் தெறந்து சொல்லணும்."

 எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இப்போது தலையைக் குனிந்துகொண்டு, துண்டை உதறிக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்து போவார்கள், அக்காவின் இத்தனை நாள் வயிற்றெரிச்சலுக்கு இது ஒன்றாவது கிடைக்கும் என்று நினைத்தேன்.

"அதுல என்ன தாயி சந்தேகம்?" என்றார் அம்பலம். "அவருக்குத்தான் கொடுத்திருக்கணும்." டம்ளரை நீட்டினார்.

"அவருக்குத்தான் கொடுத்திருக்கணும். ஞாயம்னா அதான் ஞாயம்" என்றார் கிளார்க்கு.

அடுத்தவரும் சொன்னார். அதற்கடுத்தவரும் சொன்னார். ஒருவருக்கும் குரல் தடுக்கவில்லை, ஒருவரும் தரையைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் என்னை ஒருதரம் பார்த்தார். பார்த்துவிட்டு, மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லி டம்ளரை நீட்டினார். அக்கா எல்லாருக்கும் ஊற்றினாள். கடைசி ஆளும் சொல்லி முடித்ததும் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, மாலை போட்டிருந்த மச்சான் படத்தின் பக்கம் திரும்பினாள்.

"இம்புட்டு லேசாவா இருந்துச்சு? என்னங்க... இம்புட்டு லேசாவா இருந்துச்சு?" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.